உள்ளே போ, அர்வோ!

ஐஸ் ஹாக்கி ஆடுகிறவர்கள் ஓர் இனம். அதைப் பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். இரண்டிலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. இன்றைக்கு நம் கையில் சிக்கியிருப்பது அதுதான். இந்த இனத்தைச் சேர்ந்தவர் காலில் சறுக்குக் கத்தி கட்டி முப்பது வருஷம் ஆகியிருக்கும், மட்டை பரணில் தூசி தின்றுகொண்டிருக்கும், பெல்ட் கடைசி ஓட்டைக்கு வந்து அதற்கப்புறமும் ஓர் ஓட்டை ஆணியால் போடப்பட்டிருக்கும்; ஆனாலும் நாட்டை ஜெயிக்க வைப்பது அவர்தான். எப்படி என்கிறீர்களா? உட்காருகிற விதத்தால்.

ஆமாம். எங்கோ ஒரு தேசத்தில், குளிரூட்டிய அரங்கத்தில், முன்பல் போன இருபத்திரண்டு வயதுப் பையன்கள் ஒருவரையொருவர் பலகைச் சுவரில் நசுக்கிக்கொண்டு ஆடுகிற ஆட்டத்தின் முடிவு, வடக்கே, பனி கொட்டும் எங்கள் தம்பெரே நகரத்தில் ஒரு சோபாவின் வலது ஓரத்தில் ஒருவர் எந்தக் காலை எந்தக் கால்மேல் போட்டிருக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது. இதை அவர் வெளியே சொல்லமாட்டார். கேட்டால் கோபம்கூட வரும். “மூடநம்பிக்கையா? எனக்கா? முப்பத்தஞ்சு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்யா நான். எது எதனால நடக்குதுன்னு எனக்குத் தெரியாதா?” என்பார். ஒரு நிமிடம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இருந்தாலும், எதுக்கு வம்பு?” என்பார்.

இந்த “எதுக்கு வம்பு”வைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். இந்த இனத்தை அடையாளம் காண வேறு மச்சம் பார்க்க வேண்டியதில்லை.

நம்முடைய ஆளின் பெயர் அர்வோ. வயது அறுபத்துமூன்று. கலேவாப் பகுதியில் ஒரு பழைய ஐந்து மாடிக் கட்டடத்தில், ‘ஏ’ என்று பேர் போட்ட படிக்கட்டில், இரண்டாவது மாடி. மே மாதத்தில் உலகப் போட்டி தொடங்கி முதல் சுற்று நடக்கிற வரைக்கும் அவரும் நம்மைப் போல மனிதர்தான். உட்கார்ந்து பார்ப்பார், படுத்துப் பார்ப்பார், நடுவில் எழுந்துபோய் சாசேஜுக்குக் கடுகு எடுத்து வருவார். ஒரு ஆட்டம் போனால் இன்னொன்று இருக்கிறது என்ற நிம்மதி. ஆனால் எட்டே நாடுகள் மிஞ்சி, தோற்றவன் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியது என்கிற கட்டம் வந்ததோ இல்லையோ, அர்வோ சட்டசபை ஆகிவிடுவார்.

சட்டங்கள் பின்வருமாறு. முதல் ஆட்டத்தன்று போட்ட நீலச் சட்டையைத் துவைக்கக் கூடாது; மனைவி சிர்பா சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து காலுறை பின்ன வேண்டும், ஆனால் அந்தக் காலுறையைப் பின்னி முடித்துவிடக் கூடாது, குதிகால்வரை வந்தால் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும் (அந்த ஒரு காலுறைக்கு இப்போது ஏழு வயது); ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும்; சிர்பாவின் தம்பி மார்க்கு, நாலு வருஷத்துக்கு முன்னால் காப்பி குடித்து முடித்த கோப்பையோடு பால்கனிக் கதவருகே தற்செயலாக நின்றபோது நம் சிங்கங்கள் (நாட்டு அணியைச் செல்லமாக அப்படித்தான் சொல்வோம்) ஒரு கோல் போட்ட குற்றத்துக்காக, அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்தின் கடைசி இருபது நிமிடமும் அதே இடத்தில், அதே காலிக் கோப்பையோடு நிற்க வேண்டும். மார்க்குவுக்கு முட்டிவலி. அதைப் பற்றிச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வாக்கியம் தடைசெய்யப்பட்டிருந்தது. ஜெயித்தால் ஊர் மொத்தமும் நகரத்தின் நடுச் சதுக்கத்துக்கு ஓடும், நீரூற்றில் குதிக்கும், யாரென்றே தெரியாதவர்களைக் கட்டிப் பிடிக்கும், அதனால் ஜெயித்த கணத்தில் எல்லார் வாயிலும் வருவது “சதுக்கத்துல பாப்போம்!” என்பதுதான். அதைச் சங்கு ஊதி ஆட்டம் முடிவதற்கு முன் சொல்லக் கூடாது. மார்க்கு ஒருமுறை, ஒரு கோல் முன்னிலையில், இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கும்போது சொல்லிவிட்டார். அடுத்த ஒன்றரை நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். அன்றிலிருந்து கடைசிப் பகுதியில் மார்க்குவுக்குப் பேச்சுரிமையும் கிடையாது.

இவ்வளவு சட்டம் போட்ட மனிதருக்குச் சொந்தமாக ஒரு குறை இருந்தது. அதைச் சொல்லும்போது சிரிக்காதீர்கள். அவருக்கு அது நெஞ்சில் முள். நாடு தங்கம் வென்றதை அர்வோ ஒருதடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் தடவை, இறுதி ஆட்டத்தின்போது, நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவையும் அவர்கள் கொண்டுபோன கேக்கையும் லிஃப்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது தடவை, மாமியாரின் எண்பதாவது பிறந்தநாள். அந்த வீட்டில் விருந்து நடக்கும்போது டிவி போடக் கூடாது. மூன்றாவது தடவை படம் கொஞ்சம் நடுங்கியது. மெக்கானிக் அல்லவா, சும்மா இருப்பாரா? ஃபியூஸைக் கழற்றினார். மாட்டுவதற்குள் தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்விட்டன.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒன்று தோன்றும். அர்வோவுக்குத் தோன்றவில்லை. சிர்பாவுக்குத் தோன்றியிருந்தது, அவள் நல்ல மனைவி, சொல்லவில்லை.

இந்த வருஷம் காலிறுதி வியாழக்கிழமை. எதிரே செக் நாடு. ஆட்டம் இருபது நிமிடமாக மூன்று பகுதி, கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் இன்னும் இழுக்கும். இரண்டு முடிந்தபோது இரண்டுக்குப் பூஜ்யம் என்று நாம் கீழே. மணி ஆறு ஆகப்போகிறது. இங்கே ஒரு விஷயம். கட்டடத்தின் அடித்தளத்தில், எல்லாருக்கும் பொதுவாக, சௌனா என்கிற நீராவிக் குளியலறை ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வாரம் ஒரு மணிநேரம் முறை. வியாழன் ஆறு முதல் ஏழு வரை அர்வோவின் முறை, இருபத்திரண்டு வருஷமாக. முறை என்றால் முறைதான். இந்த ஊரில் ஆளுக்குக் காய்ச்சல் வரும், கல்யாணம் நின்றுபோகும், சௌனா முறை தவறாது.

“இவனுங்க ஆடுறதுக்குப் பேரு ஹாக்கியா? வெண்ணெயில ஈ மொய்க்கிற மாதிரி மொய்க்கிறானுங்க. நான் குளிக்கப் போறேன்” என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அர்வோ இறங்கிப் போனார். ஒரு மணிநேரம் கழித்து வேகவைத்த பீட்ரூட் நிறத்தில் மேலே வந்தார். மூன்றுக்கு இரண்டு. ஜெயித்துவிட்டோம். கடைசிப் பகுதியில் மூன்று கோல்.

“பாத்தியா! நீ கோப்பையச் சரியாப் பிடிச்சே” என்று மார்க்குவின் முதுகில் தட்டினார். மார்க்கு, பேச்சுரிமை திரும்பக் கிடைத்தும், காலிக் கோப்பையையே பார்த்து யோசித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அரையிறுதி. கனடா. இரண்டு பகுதி முடிந்து மூன்றுக்கு ஒன்று என்று அவர்கள் மேலே. அர்வோ சோபாவில் கால் மாற்றிப் போட்டுப் பார்த்தார், ஜன்னலை முக்கால் சாண் ஆக்கிப் பார்த்தார், சிர்பாவைக் காலுறையில் பத்து வரிசை பிரிக்கச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகு, பால்கனிக் கதவருகிலிருந்து மார்க்கு தொண்டையைச் செருமினார்.

“அர்வோ, ஒண்ணு கேக்கவா?”

“கேக்காத. இன்னும் ரெண்டு நிமிஷத்துல உனக்குப் பேச்சு கிடையாது.”

“அதுக்குள்ள கேட்டுடறேன். வியாழக்கிழமை மூணு கோல் விழுந்தப்ப நீ எங்க இருந்தே?”

“சௌனாவுல” என்றாள் சிர்பா, காலுறையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அது தற்செயல்” என்றார் அர்வோ.

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. அந்த அறையில் இருபது வருஷமாக யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொல்ல அவர் விட்டதில்லை.

மார்க்கு காலிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். “தற்செயலா? அப்ப நான் நாலு வருஷமா இதப் பிடிச்சிக்கிட்டு இங்க நிக்கிறனே, இது என்ன? என் முட்டி தற்செயலா வலிக்குதா?”

“மார்க்கு, நீ—”

“நீ போட்ட சட்டம்தானே அர்வோ? எங்க இருந்தப்ப கோல் விழுந்துச்சோ அங்கதான் இருக்கணும். உள்ளே போ.”

அர்வோ சிர்பாவைப் பார்த்தார். சிர்பா துண்டை நீட்டினாள். துண்டு ஏற்கெனவே அவள் மடியில் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

சனிக்கிழமை அந்த நேரம் மூன்றாவது மாடி இளைஞனின் முறை. மார்க்குவே கீழே இறங்கிப்போய்க் கதவைத் தட்டி, மூன்றுக்கு ஒன்று, கனடா, வியாழக்கிழமை இப்படி, என்று நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். வேறு எந்தக் காரணத்துக்காக ஒருவன் சௌனா முறையில் தட்டியிருந்தாலும் அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் அவன் தலை உருண்டிருக்கும். அந்த இளைஞன் தலையில் ஷாம்பு நுரையோடு, துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வந்தான். அர்வோ உள்ளே போனார். நாலுக்கு மூன்று ஜெயித்தோம்.

இனி என்ன? படிக்கட்டு முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் ஆட்கள் லேசில் பேசமாட்டார்கள். வெளியே கிளம்புமுன் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்து, அடுத்த வீட்டுக்காரர் படியில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு கிளம்புகிறவர்கள். அப்படிப்பட்ட ஏ படிக்கட்டு ஞாயிற்றுக்கிழமை காலை அர்வோவைப் பார்த்துத் தலையசைத்தது. நாலாவது மாடி பேராசிரியர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, “உடம்பு நல்லா இருக்கா? சூடெல்லாம் தாங்குதா?” என்று விசாரித்தார். இருபது வருஷத்தில் அவர் பேசிய முதல் வாக்கியம் இது.

அதைவிடப் பெரிய அதிசயம் கதவிடுக்கில் கிடந்தது. நாலாக மடித்த காகிதம். தரைத்தளத்து ஹில்க்காவின் கையெழுத்து.

ஹில்க்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். எழுபது வயது, தனிக்கட்டை, முற்றத்து டூலிப் பாத்திகளின் ஏகபோக ராணி. அவளும் அர்வோவும் பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம். முற்றத்தில் கம்பளத் தூசி தட்டும் பொதுக் கம்பியில் அவள் முறையில் அர்வோ தன் கம்பளத்தைத் தொங்கவிட்டதில் ஆரம்பித்தது. அப்புறம் போர் முழுக்கப் படிக்கட்டு அறிவிப்புப் பலகையில்தான், காகிதத்தில்தான் நடந்தது. அவள் கையில் ஓர் ஆயுதமும் இருந்தது: அவள் டிவி பழைய ஆன்டெனா டிவி. அர்வோவின் டிவி இணையத்தில் வருவது, எட்டு வினாடி பின்தங்கி வரும். ஒவ்வொரு கோலுக்கும் தரைத்தளத்திலிருந்து முதலில் ஹில்க்காவின் “ஹூஊஊ!” கேட்கும். எட்டு வினாடி கழித்து அர்வோ வீட்டில் கோல் விழும், ஆறின காப்பி போல. “கீழ்த்தளத்தில் வசிப்போர் மகிழ்ச்சியைப் பத்து வினாடி அடக்கிக்கொள்ளவும்” என்று அர்வோ பலகையில் ஒட்டினார். “மேல்தளத்தில் வசிப்போர் ஆன்டெனா வாங்கிக்கொள்ளவும்” என்று பதில் ஒட்டப்பட்டது.

அந்த ஹில்க்கா எழுதியிருந்தாள்: “ஞாயிறு எட்டு முதல் ஒன்பது வரை சௌனா என் முறை. இன்று மட்டும் உங்களுக்கு. இது நட்பு அல்ல. ஹி.”

அர்வோ அதை இரண்டு தடவை படித்தார். சௌனா முறையை விட்டுக்கொடுப்பதா! சிறுநீரகம் கொடுப்பவர்கள்கூட இங்கே அதைவிட அதிகம்.

“சிர்பா,” என்றார், சமையலறையில் போய் நின்றுகொண்டு. “ஒரே ஒரு தடவை. ஜெயிக்கிற கோல என் கண்ணால பாக்கணும். அவ்வளவுதான். அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்.”

“அப்ப பாரு.”

“தோத்துட்டா?”

“அப்ப பாக்காத.”

“நீ என்ன சொல்றே?”

“நான் ஏழு வருஷமா ஒரு காலுறையே பின்னிக்கிட்டிருக்கேன் அர்வோ. என்கிட்ட கேக்காத” என்றாள் சிர்பா.

மாலை ஆறு இருபதுக்கு இறுதி ஆட்டம். எதிரே யார்? ஸ்வீடன். பக்கத்து நாடு. வேறு யாராக இருந்தாலும் தோற்றால் வருத்தம். ஸ்வீடனிடம் தோற்றால் அடுத்த மே மாதம் வரைக்கும் ரேடியோவைக்கூடப் போட முடியாது. அர்வோ வீட்டில் படிக்கட்டே கூடியிருந்தது. ஷாம்பு இளைஞன் வந்திருந்தான், பேராசிரியர் வந்திருந்தார். வராதவள் ஹில்க்கா ஒருத்திதான். உடன்படிக்கை என்னவென்றால் முதல் இரண்டு பகுதிகளை அர்வோ பார்க்கலாம். முன்னிலையில் இருந்தால் மூன்றாவதையும் பார்க்கலாம். அவர் அந்த ஒன்றரை மணிநேரமும் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இருபத்துநாலாவது நிமிடத்தில் நாம் ஒரு கோல் போட்டபோது (கீழே “ஹூஊஊ!”, எட்டு வினாடி, பிறகு கோல்) எழுந்து குதித்து, மார்க்குவைக் கட்டிப்பிடித்து, “பாத்தியா? நான் பாத்துக்கிட்டிருக்கும்போதே விழுந்துச்சு! பாத்துக்கிட்டே இருந்தேன்!” என்று கத்தினார். பிறகு ஸ்வீடன் ஒன்று போட்டது. பிறகு இன்னொன்று.

இரண்டாவது பகுதி முடிந்தது. ஒன்றுக்கு இரண்டு. மணி எட்டாகப் பத்து நிமிடம்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதைவிட உரத்த பேச்சு கிடையாது. பேராசிரியர் கூரையைப் பார்த்தார். இளைஞன் தன் காலுறையைப் பார்த்தான். மார்க்கு மட்டும் மெதுவாக, வழக்கமான கேலி இல்லாமல், “சூடாக்கும் குழாயில தட்டறேன் அர்வோ. அது கீழ வரைக்கும் போகுது. ஒரு தட்டுன்னா நம்ம கோல். ரெண்டு தட்டுன்னா அவங்களது” என்றார்.

அர்வோ துண்டை எடுத்துக்கொண்டார். கதவருகே ஒரு தடவை திரும்பி டிவியைப் பார்த்தார். அழுதுவிடுவாரோ என்று இருந்தது. அழவில்லை. போய்விட்டார்.

சௌனாவின் மேல் பலகையில் உட்கார்ந்து, அகப்பையால் கல்லின்மேல் தண்ணீர் ஊற்றினார். ஆவி எழுந்தது. நினைத்துப் பாருங்கள்: நாட்டில் இருக்கிற ஐம்பத்தைந்து லட்சம் பேரும், தொட்டில் குழந்தை முதற்கொண்டு, அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதன்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒரு மனிதர் மட்டும் அம்மணமாகச் சுவரில் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எட்டு முப்பத்தாறு. டங்.

ஒரு தட்டு. அர்வோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது தட்டுக்காகக் காத்திருந்தார். வரவில்லை. இன்னும் வரவில்லை. “ஆஆ!” என்று அகப்பையை விட்டெறிந்தார். இரண்டுக்கு இரண்டு!

அப்புறம் குழாய் ஊமையாகிவிட்டது. எட்டே முக்கால். எட்டு ஐம்பது. சங்கு ஊதியிருக்கும், ஆட்டம் சமன். இனி கூடுதல் நேரம். யார் முதல் கோல் போட்டாலும் அத்தோடு முடிந்தது. எட்டு ஐம்பத்தொன்பது. குழாயில் காதை வைத்தார், காது சுட்டது.

ஒன்பது. டிக்.

சௌனாவின் மின் அடுப்பு தானாக அணைந்தது. முறை முடிந்தது. இப்போது அந்த மனிதருக்குள் நடந்த போராட்டத்தை என்னவென்று சொல்வது! ஆட்டத்தின் சட்டம், உள்ளே இரு என்கிறது. சௌனாவின் சட்டம், ஒன்பதுக்கு வெளியே போ என்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நிமிடம்கூட முறை தாண்டி உட்காராதவர். அதுவும் இது சொந்த முறை அல்ல, ஹில்க்கா கொடுத்தது. ஒன்பது ஒன்றுக்கு உள்ளே இருந்தார் என்று நாளைக்குப் பலகையில் காகிதம் ஒட்டினால்? துண்டை இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். மேலே போகக் கூடாது, அது பார்ப்பதாகிவிடும். உள்ளே இருக்கக் கூடாது, அது அத்துமீறல். முற்றத்துக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார். மே மாதம் எங்கள் ஊரில் இரவு ஒன்பதுக்கும் வெயில் உண்டு; அது இன்னும் மொட்டைமாடி விளிம்பில் இருந்தது. தெருவில் ஒரு குஞ்சு குருமான் இல்லை.

ஹில்க்காவின் ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து வர்ணனையாளரின் குரல்.

நான் சத்தியம் செய்து சொல்கிறேன், அவர் பார்க்க நினைக்கவில்லை. கேட்கத்தான் நினைத்தார். கேட்பதற்கு ஓரடி கிட்டே போனார். சரியாகக் கேட்பதற்கு டூலிப் பாத்திக்குள் ஒரு கால் வைத்தார். அங்கே ஒரு கூரான கல். இடது உள்ளங்காலில் சுருக்கென்று ஏறியது. காலை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு, விழாமலிருக்க ஜன்னல் விளிம்பைப் பிடித்தார். தலை உள்ளே நீண்டுவிட்டது.

திரையில் ஸ்வீடன்காரன் தனியாக நம் கோலை நோக்கிப் பாய்ந்து வருகிறான். அடித்தான். பந்துக்குப் பதிலான அந்தக் கறுப்பு வட்டு கோல் கம்பத்தில் ணங்கென்று பட்டு வெளியே தெறித்தது.

ஹில்க்கா திரும்பினாள். இடுப்பில் துண்டும், சிவந்த தொப்பையும், ஒற்றைக்காலுமாக ஜன்னலில் அர்வோ. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய் திறந்தாள்.

“அசையாத!”

“ஹில்க்கா, நான் சும்மா—”

“வாய மூடு! நீ வந்து நின்னதும்தான் கம்பத்துல பட்டுச்சு. அந்தக் காலக் கீழ வைக்காத. அப்படியே நில்லு!”

அர்வோ நின்றார். தொடை நடுங்கியது, துண்டு நழுவப் பார்த்தது, நின்றார். தெறித்த வட்டை நம் இருபத்துமூன்றாம் நம்பர்க்காரப் பையன் எடுத்தான். நடுக்கோட்டைத் தாண்டினான். எதிரே ஒருவன். இடது பக்கம் போவது போல் தோளைக் காட்டி வலது பக்கம் போனான். அர்வோ பார்த்துக்கொண்டிருந்தார். கோல்காரர் படுத்தார். பையன் வட்டை அவர்மேல் மெதுவாக, ரொட்டிமேல் வெண்ணெய் வைப்பது போலத் தூக்கி வலைக்குள் வைத்தான்.

பார்த்துவிட்டார்! கண்ணால் பார்த்துவிட்டார்!

ஹில்க்கா கத்தவில்லை. இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மேலே, இரண்டாவது மாடியில், ஒரு சத்தமும் இல்லை. அங்கே அந்த ஸ்வீடன்காரனின் அடி இப்போதுதான் கம்பத்தில் பட்டிருக்கும். அந்தக் கட்டடத்தில் நாடு தங்கம் வென்ற விஷயம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். எட்டு வினாடி. அறுபத்துமூன்று வருஷத்துக்கு அந்த எட்டு வினாடி போதும் என்று இருந்தது அர்வோவுக்கு. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை.

“ஓடு!” என்று கிசுகிசுத்தாள் ஹில்க்கா. “உள்ள ஓடு! நீ பாத்தேன்னு தெரிஞ்சா தொலைச்சுடுவாங்க!”

அவர் சௌனாவுக்குள் நுழைந்து மேல் பலகையில் ஏறவும், கட்டடம் தலைக்குமேல் வெடிக்கவும் சரியாக இருந்தது. குழாயில் டங் டங் டங் டங் என்று மார்க்கு கணக்கில்லாமல் தட்டினார். படியில் தடதடவென்று கால்கள். கதவு திறந்தது.

“ஜெயிச்சுட்டோம்! அர்வோ! ஜெயிச்சுட்டோம்! உன்னாலதான்யா!” மார்க்கு ஈரத்தையும் பார்க்காமல் கட்டிக்கொண்டார். “சதுக்கத்துல பாப்போம்! சொல்லலாம்ல? இப்ப சொல்லலாம்ல? சதுக்கத்துல பாப்போம்!”

“அப்படியா? ஜெயிச்சுட்டோமா? அடடே!” என்றார் அர்வோ. நடிப்பு சுமார்தான்.

“அடுத்த வருஷம் காலிறுதியிலிருந்தே நீ உள்ளதான். அடுப்ப ரெண்டு மணிநேரம் ஓடற மாதிரி மாத்தறதுக்கு நான் கூட்டத்துல பேசறேன்” என்றார் பேராசிரியர்.

சிர்பா மட்டும் பார்த்தது அர்வோவின் காலை. உள்ளங்காலில் கறுப்பு மண். முழங்காலில் ஒட்டியிருந்த ஒரு சிவப்பு டூலிப் இதழ். எல்லாரும் கொடியைத் தூக்கிக்கொண்டு படியேறியதும், குனிந்து அந்த இதழை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

“நல்லா இருந்துச்சா?”

“ரொம்ப” என்றார் அர்வோ.

சரி. நம் ஆள் மெக்கானிக். எது எதனால் நடக்கிறது என்று தெரிந்தவர். கண்ணெதிரே நிரூபணம் கிடைத்துவிட்டது: அவர் பார்த்தார், நாடு தோற்கவில்லை. ஆக, பார்ப்பதற்கும் ஜெயிப்பதற்கும் சம்பந்தமில்லை, சௌனாவுக்கும் சம்பந்தமில்லை, மார்க்கு உட்காரலாம், சிர்பா காலுறையை முடிக்கலாம். நீங்கள் இப்படித்தானே நினைக்கிறீர்கள்? உங்களுக்கு இந்த இனத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை.

மறுநாள் காலை கதவிடுக்கில் மறுபடியும் ஒரு காகிதம் கிடந்தது. “தூக்கியிருந்தது இடது கால். மூன்றாவது வரிசை டூலிப். அந்தக் கல்லை நான் எடுக்கப் போவதில்லை. ஹி.” அர்வோ அதை மடித்து, நீலச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். அன்று மாலை அளவு நாடாவோடு முற்றத்தில் இறங்கி, ஜன்னலுக்கும் கல்லுக்கும் உள்ள தூரத்தைக் குறித்துக்கொண்டதைப் பேராசிரியர் கதவுத் துவாரம் வழியாக இல்லை, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒற்றைக்காலில் இருபது நிமிடம் நிற்பதற்கு அர்வோ இப்போது குளியலறையில் பயிற்சி எடுத்து வருகிறார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன தடவை கடைசி ஓவரில் ஆறு பந்துக்குப் பதினொரு ரன் வேண்டியிருந்தபோது, தண்ணீர் குடிக்க எழுந்த மைத்துனரைச் சமையலறை வாசலிலேயே “அங்கயே நில்லுங்க, நகராதீங்க!” என்று சொம்பும் கையுமாக நிறுத்தி வைத்தது யார்? “நான் பாத்தாலே விக்கெட் விழுது” என்று பால்கனிக்குப் போய், கண்ணாடிக் கதவில் தெரிந்த பிம்பத்தில் மட்டும் பார்த்தது யார்? எனக்கென்ன தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: இதைப் படிக்க ஆரம்பித்தபோது எந்தக் கால் மேலே இருந்ததோ, அடுத்த ஆட்டம் முடிகிற வரைக்கும் அதையே மேலே வைத்திருங்கள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும், எதுக்கு வம்பு?